பங்கை விற்றேன், ஜாமீன் மட்டும் என்னிடமே நிற்கிறதே!

போன இதழில் வீட்டுக் கடன் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைவிட, அதில் போகிற போக்கில் 'கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்கள் பாடு இதைவிட மோசம்' என்று எழுதிய ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் அதிகம். எனவே இந்த முறை முழுக்க அதுதான். புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் 31 வருடம் பேங்கில் வேலை பார்த்தவன். கடைசி 12 வருடம் கோயம்புத்தூரில் வாராக்கடன் வசூல் பிரிவு. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கியவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: நானும் கல்லூரி நண்பரும் சேர்ந்து பனியன் ஏற்றுமதி கம்பெனி நடத்தினோம். பிரைவேட் லிமிடெட். மனஸ்தாபம் வந்து 2019 அக்டோபரில் பிரிந்தோம். செட்டில்மென்ட் அக்ரிமென்ட் போட்டு, என் ஷேர் முழுவதையும் அவருக்கு மாற்றிக் கொடுத்து 40 லட்சம் வாங்கிக்கொண்டேன். டைரக்டர் பதவியையும் ராஜினாமா செய்தேன். 'கம்பெனியின் எல்லா பேங்க் கடனும் இரண்டாம் பார்ட்டியைச் சேர்ந்தது, முதல் பார்ட்டிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று 7-வது ஷரத்தில் தெளிவாக இருக்கிறது. போன மாதம் என் பெயருக்கு பேங்கிலிருந்து 60 நாள் நோட்டீஸ் வந்திருக்கிறது. 2 கோடியே 18 லட்சம் கட்டச் சொல்கிறார்கள். கம்பெனி கடன் வாங்கியபோது நானும் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன்; அன்றைக்கு பேங்கில் வைத்த என் வீட்டுப் பத்திரம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அக்ரிமென்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் மேனேஜர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. இது நியாயமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், திருப்பூர்

பதில்: படிக்காமல் திருப்பிக் கொடுத்தது மரியாதைக் குறைவுதான். ஆனால் படித்திருந்தாலும் அவர் பதில் மாறியிருக்காது. அந்த 7-வது ஷரத்து உங்களுக்கும் நண்பருக்கும் நடுவில் எழுதிக்கொண்டது. அதில் பேங்க் கையெழுத்துப் போடவில்லை. நீங்கள் இருவரும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 'இனிமேல் பால்காரருக்கு நீ பணம் கொடு' என்று பேசிக்கொண்டால், அது பால்காரரைக் கட்டுப்படுத்துமா?

டைரக்டராகப் போட்ட கையெழுத்தும் ஜாமீன்தாரராகப் போட்ட கையெழுத்தும் ஒரே நாளில், ஒரே பேனாவில் போட்டவைதான். ஆனால் சட்டத்துக்கு அவை இரண்டு தனித்தனி ஆட்களின் கையெழுத்து. முதல் ஆள் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். இரண்டாவது ஆள் எங்கேயும் போகவில்லை. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு சொல்வது இதுதான்: கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு, வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய. 'முதலில் கம்பெனியின் மெஷினை விற்று எடுங்கள், மிச்சத்துக்கு என்னிடம் வாருங்கள்' என்று சொல்லவும் முடியாது. பேங்க் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை என்று 1969-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

2019-ல் உங்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது சொல்கிறேன். சி.சி. லிமிட் (ஒரு வரம்புக்குள் எடுத்து எடுத்துக் கட்டும் கடன்), பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிச் சரக்கு தயாரிக்கக் கொடுக்கும் கடன்) மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும் கணக்குக்குக் கொடுக்கும் ஜாமீனுக்குத் 'தொடர் ஜாமீன்' என்று பெயர். 130-வது பிரிவின்படி, 'இன்றைக்கு மேல் கொடுக்கும் கடனுக்கு நான் ஜாமீன் இல்லை' என்று பேங்குக்கு எழுத்தில் கொடுத்து, வருங்காலப் பொறுப்பை அன்றைய தேதியோடு நிறுத்தலாம். அப்படி ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்தால் பேங்கில் என்ன நடக்கும் தெரியுமா? நாங்கள் பதறுவோம். ஓடும் கணக்கில் வரும் வரவு, மிகப் பழைய பற்றைத்தான் முதலில் தீர்க்கும் என்று ஒரு விதி இருக்கிறது. 1816-ல் இங்கிலாந்தில் வந்த தீர்ப்பு, கிளேட்டன் வழக்கு என்பார்கள். உங்கள் கடிதம் வந்த அன்றைக்குக் கணக்கில் 92 லட்சம் பாக்கி என்று வையுங்கள். அதன் பிறகு ஏற்றுமதி பில் பணம் 92 லட்சம் உள்ளே வந்தால், அது பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டதாக ஆகிவிடும். அப்புறம் எடுத்த பணமெல்லாம் புதுக் கடன்; அதற்கு நீங்கள் ஜாமீன் இல்லை. நாலைந்து மாதத்தில் நீங்கள் சத்தமில்லாமல் வெளியே போய்விடுவீர்கள். அதனால்தான் கடிதம் வந்த அன்றே அந்தக் கணக்கை நிறுத்திவிட்டு, புதுக் கணக்கு திறந்து, உங்கள் நண்பரைக் கூப்பிட்டு, 'வேறு ஜாமீன் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் லிமிட் கிடையாது' என்போம். அந்த ஒரு தபால் செலவில் உங்கள் விடுதலைக்கு நண்பரை ஓட வைத்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பேங்கின் ஜாமீன் படிவம் இளித்தவாயர்கள் எழுதியது இல்லை. இந்தச் சட்டம் ஜாமீன்தாரருக்குக் கொடுக்கும் பாதுகாப்புகளை 'நான் விட்டுக்கொடுக்கிறேன்' என்று பொடி எழுத்தில் வரிசையாக அடித்திருப்பார்கள். ஜாமீனை ரத்து செய்யும் உரிமையை அப்படி எழுதிக் கொடுத்துவிட்டவரால், பிறகு ரத்து செய்ய முடியாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. எனவே உங்கள் படிவத்தின் நகல் முதலில் வேண்டும். பேங்கில் எழுதிக் கேளுங்கள்.

நகல் வந்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, ஜாமீன் தொகை என்று ஒரு எண் போட்டிருக்கிறதா? நீங்கள் இருந்தபோது லிமிட் எவ்வளவு? 2 கோடியே 18 லட்சம் என்பது வட்டியால் மட்டும் வளர்ந்ததா, அல்லது நீங்கள் போன பிறகு லிமிட்டை உயர்த்தினார்களா? உயர்த்தியபோது உங்கள் சம்மதக் கையெழுத்து இல்லையென்றால், 133-வது பிரிவின்படி அந்த மாற்றத்துக்குப் பின்னால் நடந்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை என்று வாதாடலாம். படிவத்தில் அந்தப் பிரிவையும் விட்டுக்கொடுத்திருந்தால் வாதம் பலவீனம்தான், ஆனாலும் வாதம். இரண்டாவது, கொரோனா கடன். 2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்த அவசரக் கடன் திட்டத்தில், அந்த வருடம் பிப்ரவரி 29 அன்று இருந்த பாக்கியில் 20 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். திருப்பூரில் அதை வாங்காத கம்பெனி குறைவு. அது நீங்கள் வெளியேறிய பிறகு வந்த கடன். நோட்டீஸில் உள்ள தொகையில் அதையும் சேர்த்திருக்கிறார்களா என்று கணக்குவாரியாகப் பிரித்துக் கேளுங்கள். நான் பார்த்த நோட்டீஸ்களில் பாதிக்கு மேல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் அனுப்புவார்கள். ஏன், நானே அப்படி அனுப்பியிருக்கிறேன்.

இதையெல்லாம் ஆட்சேபமாக எழுதி, 60 நாளுக்குள் பேங்குக்குக் கொடுங்கள். அவர்கள் 15 நாளில் காரணம் சொல்லிப் பதில் தர வேண்டும். அதற்குப் பிறகும் வீட்டைச் சுவாதீனம் எடுக்கும் நோட்டீஸ் ஒட்டினால், 45 நாளுக்குள் கோவையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இந்த நாள் கணக்கில் கோட்டை விட்டவர்கள்தான் வீட்டை இழந்தவர்களில் அதிகம்.

7-வது ஷரத்து வீண் இல்லை. அது பேங்கிடம் செல்லாது, நண்பரிடம் செல்லும். நீங்கள் கட்ட நேர்ந்தால் ஒவ்வொரு ரூபாயையும் கம்பெனியிடம் கேட்கும் உரிமை ஜாமீன்தாரருக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. நண்பரிடம் தனிப்பட்ட முறையில் கேட்கும் உரிமையை அந்த ஷரத்து தருகிறது. இன்றே வக்கீல் நோட்டீஸ் விடுங்கள். நட்பு போய்விடுமே என்று யோசிக்காதீர்கள். அது 2019-லேயே போய்விட்டது.

இப்போது செட்டில்மென்ட் போடும் நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக. ஜாமீன் விடுதலை என்பது மேனேஜர் 'சரிங்க, பாத்துக்கலாம்' என்று தலையாட்டுவது அல்ல. விலகுகிறவருக்குப் பதில் வேறு ஜாமீன்தாரர், அவருடைய சொத்து மதிப்பு அறிக்கை, கடனை முதலில் அனுமதித்த அதே மேலிடத்தின் அனுமதி, அதன் பிறகு உங்கள் பெயரைக் குறிப்பிட்டு விடுவிப்புக் கடிதம் என்று இரண்டு மூன்று மாத வேலை. புதுப்பித்த சாங்ஷன் லெட்டரில், அதாவது கடன் அனுமதிக் கடிதத்தில், ஜாமீன்தாரர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்பது மட்டும் போதாது. பத்திரம் வைத்திருந்தால் பத்திரம் கைக்கு வர வேண்டும். நம் ஊரில் பத்திரம் ஒப்படைத்ததைப் பதிவு செய்திருப்பார்கள், எனவே அதை ரத்து செய்யும் ரசீது ஆவணமும் பதிவாகி வில்லங்கச் சான்றில் ஏற வேண்டும். இது முடியும்வரை ஷேர் மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. செட்டில்மென்ட்டில் முதல் ஷரத்தாக இதைத்தான் எழுத வேண்டும். நம் ஆட்களோ இதை 7-வது ஷரத்தில் வைத்துவிட்டு, முதல் ஷரத்தில் யாருக்கு இன்னோவா கார் என்று எழுதுகிறார்கள். நண்பர் 'அதுக்கெல்லாம் டைம் ஆகும், முதல்ல முடிச்சுக்கலாம்' என்றால், 40 லட்சத்தில் ஒரு பகுதியைப் பொதுவான ஒருவரிடம் வைக்கச் சொல்லுங்கள். பணம் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டு நின்றால்தான் இரண்டு பேருக்கும் பேங்குக்கு நடக்கக் கால் வரும்.

கேள்வி: கணவரின் கம்பெனி வீட்டு உபயோகத் துணி நெய்து ஏற்றுமதி செய்கிறது. நான் இல்லத்தரசி. ஆனால் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 1.74 கோடி பாக்கியை 1.10 கோடிக்கு முடித்துக்கொள்ள பேங்க் ஒத்துக்கொண்டு ஓ.டி.எஸ். என்ற கடன் சமரசக் கடிதம் கொடுத்திருக்கிறது. கடிதம் கம்பெனி பெயருக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. என் அப்பா கொடுத்த 11 சென்ட் இடத்தை விற்றுத்தான் கட்டப்போகிறோம். 'ஜாமீன்தாரர்கள் மீதுள்ள உரிமைகளுக்குப் பாதகமில்லாமல்' என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அது என்ன? நான் தனியாக ஏதாவது வாங்க வேண்டுமா?
— வாசகி, கரூர்

பதில்: அம்மா, அந்த ஒரு வரியைப் பார்த்தீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு வணக்கம். உங்கள் ஆடிட்டர் பார்த்தாரா?

சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், ஜாமீன்தாரரைக் கேட்காமல் பேங்க் கடன் வாங்கியவரோடு சமரசம் செய்துகொண்டால் ஜாமீன்தாரர் விடுபட்டுவிடுவார். 134, 135-வது பிரிவுகள் அதைச் சொல்கின்றன. ஆனால் மேலே திருப்பூர்க்காரருக்குச் சொன்ன அதே பொடி எழுத்தில் இந்த இரண்டையும் நீங்கள் விட்டுக்கொடுத்திருப்பீர்கள். எனவே புத்தகத்தை நம்பி உட்கார முடியாது.

தவணை ஓடும் காலத்தில் அந்த வரி இருப்பது சகஜம். கம்பெனி பாதியில் கட்டாமல் விட்டால், ஜாமீன்தாரர் மேல் உள்ள பிடி தளர்ந்துவிடக் கூடாது என்பது பேங்கின் கவலை. தப்பில்லை. ஆனால் அதற்கு ஜோடியாக இன்னொரு வரி வேண்டும்: 'மேற்படி தொகை முழுவதும் கட்டப்பட்டதும், ஜாமீன்தாரர்களான இன்னார், இன்னார் ஆகியோரின் தனிப்பட்ட ஜாமீன் பொறுப்பு முழுமையாக விடுவிக்கப்படும், அவர்கள் மீதான வழக்குகளும் நோட்டீஸ்களும் திரும்பப் பெறப்படும்' என்று. 'ஜாமீன்தாரர்கள்' என்று பொதுவாகப் போட்டால் போதாது, பெயர் வேண்டும். இதைக் கேட்டுக் கடிதம் கொடுங்கள், திருத்திய ஓ.டி.எஸ். கடிதம் வரட்டும். முதல் தவணை கட்டுவதற்கு முன்னால் கேட்டால் செய்வார்கள். கடைசித் தவணைக்குப் பிறகு கேட்டால், அந்த அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார்.

ஒருவர் விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பணியில் இருந்தபோது ஒரு கம்பெனிக்கு ஓ.டி.எஸ். முடித்தோம். இரண்டு அண்ணன் தம்பிகள் ஜாமீன். அண்ணன் தன் பங்கு என்று ஒரு தொகை கட்டித் தனியாக விடுதலைக் கடிதம் வாங்கிக்கொண்டார். 'அண்ணனை விட்டாச்சு, அப்ப நானும் விட்டாச்சு' என்று தம்பி நினைத்துக்கொண்டார். ஒரு ஜாமீன்தாரரை விடுவித்தால் மற்றவர் விடுபட மாட்டார், 138-வது பிரிவு. அண்ணனும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சொல்வது எங்கள் வேலை இல்லை என்று அப்போது நினைத்தேன்.

சரி, உங்கள் விஷயம். கடிதத்தில் 'தவணை தவறினால் சலுகை ரத்தாகி முழுப் பாக்கியும் உயிர்பெறும்' என்று இருக்கும். அதுதான் அந்தக் கடிதத்தில் பல் உள்ள வரி. 95 லட்சம் கட்டிய பிறகு கடைசித் தவணை தவறினாலும், நீங்கள் கட்டியது கணக்கில் வரவு ஆகும், தள்ளுபடி மட்டும் பறந்துவிடும். 'ஹைகோர்ட்டில் ரிட் போட்டு டைம் வாங்கலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓ.டி.எஸ். யாருக்கும் உரிமை இல்லை, கொடுத்தே ஆக வேண்டும் என்று பேங்குக்கு நீதிமன்றம் உத்தரவிட முடியாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒத்துக்கொண்ட கெடுவை நீதிமன்றம் நீட்டிக்கவும் முடியாது என்று அடுத்த வருடம் இன்னொரு வழக்கில் சொன்னது. எனவே இடம் விற்கும் பணம் எந்தத் தேதியில் வரும் என்று பார்த்துத் தவணைத் தேதியை இப்போதே பேசுங்கள். வாங்குகிறவர் 'தை பொறக்கட்டும்' என்றால், தை பிறந்த பிறகு வரும் தேதியை பேங்கில் கேளுங்கள்.

அந்த 11 சென்ட் உங்கள் சொத்து. விற்ற பணத்தைக் கம்பெனிக் கணக்கில் போட்டுக் கம்பெனி கட்டியது போல் காட்டாதீர்கள். உங்கள் சேமிப்புக் கணக்கில் வாங்கி, அங்கிருந்து நேராகக் கடன் கணக்குக்கு ஆர்.டி.ஜி.எஸ். செய்யுங்கள். ஜாமீன்தாரராக நீங்கள் கட்டினீர்கள் என்று தெரிந்தால்தான், அந்த அளவுக்குக் கம்பெனியிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு வரும். கணவர் மேல் சந்தேகம் வேண்டும் என்று சொல்லவில்லை. நாளைக்குக் கம்பெனியில் யார் பங்கு என்ன என்று பேச்சு வந்தால், உங்கள் அப்பா கொடுத்த இடம் எங்கே போனது என்பதற்கு ஒரு காகிதம் இருக்கட்டும்.

கடைசியில் 'நோ டியூஸ்' வாங்கியதோடு நிற்காமல், கம்பெனிப் பதிவாளரிடம் சி.எச்.ஜி.-4 படிவம் தாக்கலாகி, சொத்தின் மேல் உள்ள பேங்கின் பதிவு நீங்கியதா என்று ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். சிபில் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்றுதான் வரும். ஜாமீன்தாரர் என்ற முறையில் உங்கள் அறிக்கையிலும் அந்தக் கடன் தெரியும். கொஞ்ச வருடம் உங்கள் பெயரில் நகைக் கடன் தவிர வேறு கடன் கேட்டுப் போக வேண்டாம்.

கேள்வி: எங்கள் கம்பெனி திவால் வழக்கில் என்.சி.எல்.டி. என்ற கம்பெனித் தீர்ப்பாயத்துக்குப் போய், வேறு ஒரு குழுமம் எடுத்துக்கொண்டது. பேங்க் ஒத்துக்கொண்டு வந்த பணத்தை வாங்கிக்கொண்டது. அந்தத் தீர்வுத் திட்டம் அங்கீகாரமான பிறகு கடன் தீர்ந்த மாதிரிதானே? என் ஜாமீன் மட்டும் எப்படி நிற்கும்?
— முன்னாள் நிர்வாக இயக்குநர், அம்பத்தூர்

பதில்: நிற்கும் சார். 2018-ல் ஸ்டேட் பாங்க் வழக்கு ஒன்றில், கம்பெனிக்குக் கிடைக்கும் தடைக்காலப் பாதுகாப்பு (திவால் வழக்கு நடக்கும்போது வசூல் நடவடிக்கை கூடாது என்பது) ஜாமீன்தாரருக்குக் கிடையாது என்றார்கள். 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்ட தனிநபர்களையும் திவால் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்துப் போன வழக்குகளில் 2021 மே 21 அன்று தீர்ப்பு வந்தது. தீர்வுத் திட்டம் அங்கீகாரம் ஆனதால் மட்டுமே ஜாமீன்தாரர் தானாக விடுபட மாட்டார் என்பதுதான் அதன் சாரம். 2023 நவம்பரில் அந்த நடைமுறைப் பிரிவுகளும் செல்லும் என்று முடித்துவிட்டார்கள். தர்க்கம் எளிது: கம்பெனியை விடுவித்தது சட்டம், பேங்க் மனமுவந்து விடுவிக்கவில்லை.

வசூலானது போக மிச்சத்துக்குத்தான் உங்களிடம் வர முடியும். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. திட்டத்தின் நகலை வாங்கி, ஜாமீன்தாரர் பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். சில திட்டங்களில் ஜாமீனையும் சேர்த்து விட்டுவிடுவார்கள். பெரும்பாலானவற்றில் 'பேங்கின் உரிமை தொடரும்' என்று இருக்கும். கூடவே, நீங்கள் கட்டினாலும் கம்பெனியைக் கேட்க முடியாது என்றும் இருக்கும். அப்படி இருந்தால் தனியாக பேங்கோடு உங்கள் ஜாமீனுக்கு மட்டும் ஒரு ஓ.டி.எஸ். பேசுவதுதான் வழி. பேரத்துக்கு இடம் உண்டு. நிர்வாக இயக்குநராக இருந்தபோது பேசிய தோரணையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: அப்பா தன் நண்பரின் கம்பெனிக்கு ஜாமீன் போட்டிருந்தார். இறந்துவிட்டார். எங்களைக் கேட்கிறார்கள். நாங்கள் கையெழுத்தே போடவில்லையே?
— மதுரை வாசகர்

பதில்: அப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைதான் பொறுப்பு. உங்கள் சம்பளத்தையோ, நீங்கள் சம்பாதித்து வாங்கிய வீட்டையோ தொட முடியாது. அவர் இறந்த பிறகு கொடுத்த கடனுக்கும் பொதுவாகப் பொறுப்பு இல்லை, படிவத்தில் மாற்றி எழுதியிருந்தால் தவிர. இறந்த தேதியை பேங்குக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டீர்களா? இறப்புச் சான்றிதழ் நகலோடு ஒரு ரிஜிஸ்டர் தபால், இன்றைக்கே. 'அடுத்த வருஷம் ரினியூவலுக்கு மட்டும்' என்று ஒரு காகிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். அப்படித்தான் மகன்கள் புது ஜாமீன்தாரர் ஆகிறார்கள்.

கேள்வி: ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறீர்கள். வசூல் பிரிவில் இருந்த நீங்கள் எப்போதாவது ஜாமீன் போட்டதுண்டா?
— சேலம் வாசகர்

பதில்: குறும்பான கேள்வி. உண்டு.

ரிட்டயர் ஆன அடுத்த வருடம். என் தங்கை மகன் கோவை கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறை வைத்திருந்தான். நாலு மெஷின், பம்ப்செட் உதிரிபாகம். சி.என்.சி. மெஷின் வாங்க 35 லட்சம் கடன். நான் வேலை பார்த்த பேங்க் இல்லை, வேறொன்று. ஒருநாள் சாயங்காலம் தங்கையும் அவனும் வந்தார்கள். காபி குடித்து முடித்ததும் அவள் 'அண்ணா, ஒரு கையெழுத்துதான்' என்றாள். மேஜையில் என் எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட எத்தனையோ பேர் எனக்குச் சொன்ன வாக்கியம் அது. 'ஒரு கையெழுத்துதான்னு சொன்னாங்க சார்.'

படிவத்தை முழுக்கப் படித்தேன். எந்தெந்தப் பிரிவை விட்டுக்கொடுக்கிறேன் என்று பென்சிலால் கோடு போட்டேன். தொகைக்கு வரம்பு கேட்டேன். அந்த மேனேஜர், வயதில் என் மகன் மாதிரி, 'சார், உங்களுக்குத் தெரியாததா, ஸ்டாண்டர்டு பார்மட்' என்று சிரித்தார். தெரியும். நானே ஆயிரம் பேரிடம் சொன்ன வசனம். கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது வருடம் அவனுக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்த பெரிய பார்ட்டி நின்றுவிட்டது. மெஷினை விற்றும் மிச்சம் இருந்தது. தங்கை வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். அவனுடைய கூட்டாளி, சம்பந்தி வழி உறவு, பாதியை ஏற்றுக்கொள்வதாக ஒரு நோட்டுப் புத்தகத் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். எல்லோர் முகத்திலும் நிம்மதி. பன்னிரண்டு வருடம் இந்தத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தவன் நான். அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. தங்கை அழுதுகொண்டிருந்தாள்.

கூட்டாளி கட்டவில்லை. ஓ.டி.எஸ். பேசி, என் கிராஜுவிட்டியில் மிச்சமிருந்ததிலிருந்து 9 லட்சம் நான் கட்டினேன். என் கணக்கிலிருந்து நேராகக் கடன் கணக்குக்கு. மூன்று ஜாமீன்தாரர்கள் பெயரையும் போட்டு விடுதலைக் கடிதம் வாங்கினேன். அந்த மேனேஜர் மாற்றலாகிப் போயிருந்தார்.

அவன் இப்போது அரசூரில் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்க்கிறான். மாதாமாதம் 5-ம் தேதி என் கணக்குக்கு 8,000 ரூபாய் அனுப்புகிறான். எழுதி வாங்கவில்லை, அவனாகத்தான் ஆரம்பித்தான். போன மாதம் 5-ம் தேதி வரவில்லை, 7-ம் தேதி வந்தது. அந்த இரண்டு நாளும் போனை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று என் மனைவி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.